வரப்பை ஒட்டிய தோட்டமும் மகன் அனுப்பும் டாலரும்

கேள்வி: பெருந்துறைக்கு அருகே எங்களுக்கு 4 ஏக்கர் தோட்டம் இருக்கிறது. வரப்பை ஒட்டிய இரண்டரை ஏக்கர் இப்போது விலைக்கு வந்திருக்கிறது. அங்குள்ள கிணற்றில் எங்களுக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதால் வெளியாள் கைக்குப் போக விட மனமில்லை. டல்லாஸில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்புவதாகச் சொல்கிறான். அவன் பெயரிலேயே கிரயம் செய்யலாமா? அல்லது என் பெயரில் வாங்கி, பிறகு அவனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கலாமா? எனக்கு ஒரு மகளும் உண்டு.
– ஒரு விவசாயி, பெருந்துறை

பதில்: ஐயா, நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு வழிகளுமே அடைபட்டவை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடும் வீட்டு மனையும் வாங்கலாமே தவிர, விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் எஸ்டேட் ஆகியவற்றை வாங்கக் கூடாது. தானமாகவும் பெறக் கூடாது. இந்த இரண்டாவது தடையை நம் பக்கத்தில் பலர் அறிந்திருப்பதில்லை. பெற்ற மகனுக்குத்தானே எழுதிக் கொடுக்கிறோம் என்று செட்டில்மெண்ட் பத்திரத்தைப் பதிந்துவிட்டு, பின்னாளில் விற்கப் போகும்போது திகைத்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கையில் எனக்கு மனம் கனத்துப் போகிறது. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே மீறல் இல்லையென்று ஆகிவிடாது. சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

திறந்திருக்கும் வழி வாரிசுரிமை. தகப்பனாரின் நிலம் அவர் காலத்துக்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் போவதைச் சட்டம் தடுக்கவில்லை. எனவே மகன் உங்களுக்குப் பணத்தை உண்மையான நன்கொடையாகக் கொடுக்கட்டும். வங்கி வழியாகவே அனுப்பி, திரும்பக் கேட்காத நன்கொடை இது என்று ஒரு கடிதமும் எழுதித் தரட்டும். மகனிடமிருந்து தகப்பனார் பெறும் நன்கொடைக்கு இங்கே வருமான வரி கிடையாது. அமெரிக்காவில் நிலையாகக் குடியிருப்பவர், எந்த ஒரு நபருக்கும் ஆண்டுக்கு 19,000 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தால் அங்கே அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மகனிடம் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் வரி வராது, ஆனால் கணக்குக் காட்டியாக வேண்டும்.

அந்தப் பணத்தில் நீங்கள் வாங்கும் நிலம் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். பெயர் உங்களுடையது, உரிமையும் வருமானமும் மகனுடையது என்று உள்ளுக்குள் ஒப்பந்தம் வைத்துக்கொண்டால் அது பினாமி ஆகிவிடும். பெயரளவுக்குத் தம்பி மகன் பெயரில் வாங்கிப் போடுவதற்கும் இதே கதிதான்.

கிரயம் முடிந்த கையோடு உயில் எழுதிவிடுங்கள். உயில் இல்லாவிட்டால் உங்கள் சுய சம்பாத்தியம் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்காகப் போகும். மகளிடம் இப்போதே மனம் விட்டுப் பேசிவிடுவது நல்லது. அண்ணன் பணத்தில் அப்பா வாங்கிய நிலம் யாருக்கு என்ற பேச்சை உங்கள் காலத்துக்குப் பிறகு அவர்கள் தொடங்கும்படி விடாதீர்கள். மகன் ஒருநாள் அதை விற்க நினைத்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்கலாம். நிரந்தரமாக ஊர் திரும்பி வந்துவிட்டால் இந்தத் தடைகள் நீங்கும். பிறகு அவரே வாங்கலாம்.

கேள்வி: துபாயில் வேலை. மனைவியும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் திருப்பூரில் இருக்கிறார்கள். மிச்சப்படும் பணத்தை, வெளிநாட்டில் வசிப்போருக்கான ரூபாய் வைப்பான என்.ஆர்.இ. வைப்பில் போட்டு வருகிறேன். டாலர் ஏறிக்கொண்டே போவதால் டாலரிலேயே வைத்திருக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். எது சரி?
– ஒரு வாசகர், துபாய்

பதில்: 2014-இன் நடுவில் 60 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. பெரிய ஏற்றமாகத் தெரிந்தாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சராசரியாக மூன்றரை விழுக்காடுதான். ஆகவே 7 விழுக்காடு வட்டி தரும் ரூபாய் வைப்பு, டாலர் கணக்கில் மூன்றரை விழுக்காடு தருகிறது என்று கொள்ளலாம். எஃப்.சி.என்.ஆர். எனப்படும் டாலர் வைப்புக்கு உங்கள் வங்கி தரும் வட்டியை இந்த மூன்றரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டின் வட்டிக்கும் வெளிநாட்டில் வசிக்கும்வரை இங்கே வரி இல்லை. இரண்டையும் ஓராண்டுக்குள் முறித்தால் வட்டி கிடைக்காது.

ஆனால் வட்டியை விட, பணம் எந்த ஊரில் செலவாகப் போகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மகளை வெளிநாட்டில் படிக்க வைக்க எண்ணினால், இன்னும் நான்காண்டுகளில் கட்ட வேண்டிய அந்தக் கட்டணத்தை டாலரிலேயே சேருங்கள். திருப்பூரில் வீடு கட்டுவதற்கான பணம் ரூபாயில் இருக்கட்டும். கம்பிக்கும் சிமெண்டுக்கும் ரூபாயில்தான் கொடுக்கப் போகிறீர்கள். திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருப்பதால், உங்கள் சம்பளம் ஏற்கெனவே டாலரோடுதான் ஏறி இறங்குகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை இன்னும் மாற்றாமல் இருந்தால், உடனே என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்காக, மாற்றிவிடுங்கள். அதில் சேரும் வட்டிக்கு 30 விழுக்காடும் அதன் மேல் கூடுதல் தீர்வையும் பிடிப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிப்பதற்கான வரிக் குடியிருப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் வாங்கி வங்கியில் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி அது 12.5 விழுக்காடாகக் குறையும்.