மருத்துவ மாணவரும் பிராந்திய ராணுவமும்: கேள்வி பதில்

ராணுவ மருத்துவப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றுத் தண்டையார்பேட்டையில் வசிக்கும் மருத்துவர், வட சென்னை வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

ராயபுரம் மாணவர்: ஐயா, ஸ்டான்லியில் இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். படித்துக்கொண்டே டெரிட்டோரியல் ஆர்மியில், அதாவது பிராந்திய ராணுவத்தில், அதிகாரியாகச் சேர முடியுமா?

பதில்: முடியாது. அதிகாரியாக விண்ணப்பிக்கப் பட்டமும் வேண்டும், சொந்தச் சம்பாத்தியமும் வேண்டும். உங்களிடம் இப்போது இரண்டும் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்த இந்தப் படை, ஏற்கெனவே ஒரு தொழிலில் காலூன்றியவர் ஆண்டில் சில வாரங்கள் சீருடை அணிவதற்காக ஏற்பட்டது. விதி இடம் கொடுத்தாலும் நாட்காட்டி இடம் கொடுக்காது. முதலாண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் மூன்று மாதம் என்று அது நீளும். உங்கள் படிப்போ தேர்வெழுதவே பாட வகுப்பில் 75 விழுக்காடும் செய்முறையில் 80 விழுக்காடும் வருகை கேட்கிறது. உங்கள் ஸ்டான்லியின், அதாவது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியின், வார்டில் கழிக்க வேண்டிய இரண்டு மாதங்களை முகாமில் கழித்துவிட்டு, அந்த நோயாளிகளைப் பிறகு எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? வயது வரம்பு 42 வரை இருக்கிறது. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு சி.ஆர்.ஆர்.ஐ. எனும் கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணியும் முடிந்த பிறகும் உங்களுக்கு நிறைய ஆண்டுகள் மிச்சமிருக்கும். இதற்கிடையில் "சேர்த்துவிடுகிறேன்" என்று வரும் தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வியாசர்பாடி மாணவி: என்.சி.சி.யிலாவது சேரலாமா?

பதில்: தாராளமாக. போருக்கு அனுப்பப்படும் கடமை அதில் கிடையாது. ஆனால் ராணுவ மருத்துவப் படைக்கு எம்.பி.பி.எஸ். பட்டம்தான் வாசல்; என்.சி.சி. தரும் சி சான்றிதழ் அந்தப் பட்டத்துக்கு ஈடாகாது.

காசிமேட்டிலிருந்து ஒரு தந்தை: மகள் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். பெண்களுக்குப் பிராந்திய ராணுவத்தில் இடம் உண்டா?

பதில்: பிராந்திய ராணுவச் சட்டத்தில் தகுதியுடையவராகச் சொல்லப்படும் "எவரும்" என்ற சொல் பெண்ணையும் குறிக்கும் என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் உங்கள் மகளுக்கு என் யோசனை, ராணுவ மருத்துவப் படையின் குறுகிய காலப் பணி. கேப்டன் பதவியில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் பணியாற்றலாம். விரும்பினால் பதினான்கு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம்.

திருவொற்றியூர் வாசகர்: கிரிக்கெட் வீரர் தோனிக்கு மட்டும் பிராந்திய ராணுவப் பதவி எப்படிக் கிடைத்தது?

பதில்: 2011இல் அவருக்குக் கிடைத்தது கௌரவப் பதவி. அதற்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது.

பெரம்பூர் மருத்துவர்: பிராந்திய ராணுவத்தில் சேர்ந்தால் மருத்துவராகவே பணியாற்றலாம் அல்லவா?

பதில்: இதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். பொது விளம்பரத்தைப் பார்த்துச் சேரும் அதிகாரி, காலாட்படைப் பட்டாலியனுக்குப் போகவே ஆயத்தமாக இருக்க வேண்டும். அங்கே நீங்கள் வீரர்களை நடத்திச் செல்லும் அதிகாரி. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருக்காது. போரில் காயம்பட்டோர் குறித்த 1949 ஜெனீவா உடன்படிக்கை, மருத்துவப் பணிக்கென்றே அமர்த்தப்பட்டவர்களைத் தாக்கக் கூடாது என்று காக்கிறது. பட்டம் வைத்திருக்கிறார் என்பதற்காக எவரையும் அது காப்பதில்லை. காலாட்படை அதிகாரியான எம்.பி.பி.எஸ்., எதிரியின் கணக்கில் போராளிதான்.

கொருக்குப்பேட்டை சட்ட மாணவர்: மறுக்கிறேன், ஐயா. ராணுவ மருத்துவரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறாரே!

பதில்: தன்னையும் தன் நோயாளிகளையும் காத்துக்கொள்ள மட்டும். அதற்கு அந்த உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு இடம் தருகிறது. தாக்கச் செல்பவருக்கு அது பொருந்தாது.

அதே மாணவர்: 25ஆம் பிரிவு துணைப் பணியாளர்களையும் காக்கிறதே?

பதில்: நன்றாகப் படித்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. தேவைப்படும்போது மருத்துவமனை உதவியாளராகவோ, செவிலியராகவோ, காயம்பட்டவரைத் தூக்கிச் செல்பவராகவோ இருப்பதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற வீரர்களுக்கானது அது. அதுவும் அந்த வேலையைச் செய்யும் நேரத்துக்கு மட்டும். மருத்துவப் பணிக்கென்றே இருப்பவர் யார் என்பதற்கு, கொரியப் போரில் நம் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை நடத்திய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜை நினைத்துப் பாருங்கள். 1951 மார்ச்சில் அந்தப் பிரிவினர் போர்முனையில் பாராசூட்டில் குதித்தார்கள். குதித்தது சிகிச்சை அளிக்க. அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

எண்ணூர் மாணவர்: முதலாண்டு மருத்துவ மாணவன் சேரலாமா?

பதில்: ராயபுரம் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

மணலி மாணவர்: இறுதியாண்டு என்றால்?

பதில்: அதே பதில். ஆண்டு மாறினால் விதி மாறாது. தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பதும் மாறாது.

புதுவண்ணாரப்பேட்டை வாசகர்: அமெரிக்காவில் மாணவர்களையே சேர்க்கிறார்களாமே?

பதில்: ஆம். அங்கே ராணுவ உதவித்தொகை பெறும் மருத்துவ மாணவருக்கு ரிசர்வ் அதிகாரி பதவி தந்து, கல்விக் கட்டணத்தைக் கட்டி, ஆண்டுக்கு 45 நாள் பணிக்கு அழைக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் முழுநேரப் பணியால் கடனைத் தீர்க்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம்.

கொருக்குப்பேட்டை சட்ட மாணவர்: கடைசியாக ஒன்று. காலாட்படை அதிகாரியான மருத்துவர் முன்னே அடிபட்டவன் கிடந்தால்?

பதில்: சிகிச்சை அளிப்பார். அடிபட்டவன் எந்தப் பக்கத்தவனாயினும் பராமரிக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் குனிந்து கட்டுப்போடும் அந்த அதிகாரியின் கையில், மருத்துவப் பணியாளரைக் காக்கும் செஞ்சிலுவைப் பட்டை இருக்காது.