30 பேருக்குச் சீரகச் சம்பா பிரியாணி: அடி குழையாமல் செய்வது எப்படி?

கேள்வி: கிறிஸ்துமஸ் மதியம் 30 பேர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். ஆறு பேருக்குச் செய்தால் என் மட்டன் பிரியாணி அருமையாக வருகிறது. அளவைக் கூட்டினால் அடியில் குழைந்துவிடுகிறது, மேலே அரிசி வேகாமல் நிற்கிறது. என்ன தவறு? 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்விட்டு வந்து இதைச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கி ஒரே அண்டாவில் போடாதீர்கள். வீட்டு கேஸ் அடுப்பின் தீ பாத்திரத்தின் நடுவில்தான் படும். அண்டா அகலமாக இருந்தால் ஓரம் வேகாது, உயரமாக இருந்தால் மேல்பக்கம் வேகாது. அதற்காகத் தீயைக் கூட்டினால் அடி பிடிக்கும். கல்யாண வீட்டில் விறகுத் தீயை அடி முழுக்கப் பரப்பி, மூடிமேல் நெருப்புக் கங்குகளையும் போட்டுவிடுவார்கள். நமக்கு அது நடக்காது.

மற்ற பதார்த்தங்களும் இருந்தால் பெரியவர்கள் பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ கறியும் போதும். உங்களுக்கு மூன்று கிலோ வேண்டும். அதை ஒன்றரை கிலோ வீதம் இரண்டு அடிகனமான பாத்திரங்களில் பிரித்துச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் 10 முதல் 12 லிட்டர் பிடிக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்பதை பாத்திரத்தின் வாய் அகலமும் கொதிக்கும் நேரமும்தான் தீர்மானிக்கும், உள்ளே இருக்கும் அரிசியின் எடை அல்ல. அதனால் சின்னப் பாத்திரத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று வைப்பவர்கள், பெரிய அளவுக்கு ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் என்று குறைக்க வேண்டும். கறி விட்ட சாறு, தயிர், தக்காளி எல்லாம் இந்த ஒன்றரைக்குள் அடக்கம். கறி வெந்ததும் துண்டுகளை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மசாலாச் சாற்றை அதே டம்ளரால் அளந்து, குறைவதற்கு மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். வாங்கிய மூட்டையிலிருந்து ஒரு டம்ளர் அரிசியை முன்கூட்டியே வேகவைத்துப் பார்ப்பதும் அவசியம். ஒன்றரை டம்ளர் தண்ணீரிலேயே குழைந்தால் அது புது அரிசி. அன்றைக்கு ஒவ்வொரு டம்ளருக்கும் கால் டம்ளர் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள்.

பட்டை, கிராம்பு, ஏலக்காயையும் ஐந்து மடங்கு போட வேண்டாம், மூன்றரை மடங்கே தூக்கலாக இருக்கும். உப்பை நாக்கால்தான் பார்க்க வேண்டும். அரிசி போடும் முன் தண்ணீர் சற்றுக் கரிக்க வேண்டும்.

பாதி வேலையை 24ஆம் தேதி மாலையே முடித்துவிடலாம். வெங்காயத்தைச் சிறுசிறு ஈடாக வதக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகுமே தவிர, சிவக்காது. கறியை மசாலாவோடு முழுதாக வேகவைத்து, அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். எண்ணெய்க் கத்திரிக்காயும் முந்தின நாளே செய்யலாம், மறுநாள் ருசி கூடும். தயிர்ப் பச்சடியில் மட்டும் கடைசி நிமிடத்தில் உப்புப் போடுங்கள், இல்லாவிட்டால் நீர்த்துவிடும்.

25ஆம் தேதி பதினொரு மணிக்கு அரிசியை ஊறப்போட்டால் போதும். 20 நிமிடம் ஊறட்டும். அதிகம் ஊறினால் கிளறும்போது உடையும். சாறு நன்றாகக் கொதித்ததும் கறியையும் வடித்த அரிசியையும் போடுங்கள். தண்ணீரும் அரிசியும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் கிளறுவதை நிறுத்தி, பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல்லும், மூடிமேல் கொதிநீர்ப் பாத்திரமும் வைத்து, சிறுதீயில் 20 நிமிடம் தம். தீயை அணைத்து இன்னும் 15 நிமிடம் திறக்காதீர்கள். மேல் அரிசி வேகாமல் போவதற்கு அவசரமாகத் திறந்து பார்ப்பதும் ஒரு காரணம். பரிமாறும்போது ஓரத்திலிருந்து தட்டையான கரண்டியால் எடுங்கள்.

சாப்பிட்ட பிறகு மிச்சத்தை மாலைவரை மேஜையில் விட்டுவைக்காதீர்கள். சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியைத் தாங்கும், அது உண்டாக்கும் ஒரு நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதற்கும் இரண்டு பாத்திர ஏற்பாடு உதவும். இரண்டாவது பாத்திரத்துக்கு முக்கால் மணி நேரம் தள்ளி அரிசி போட்டால், தாமதமாக வருகிறவர்களுக்கும் தம் உடைத்த சூட்டிலேயே பரிமாறலாம்.