சன்ஸ்கிரீன் பூசினால் முகத்துளைகள் அடைத்துக்கொள்கின்றன, என்ன செய்வது?

சன்ஸ்கிரீன் பூசத் தொடங்கிய சில வாரங்களில் நெற்றியெங்கும் பொடிப்பொடியாகப் பருக்கள் கிளம்பிவிட்டன என்கிறீர்கள். பெரும்பாலும் பழி வெயிலைத் தடுக்கும் பொருளின் மீது இல்லை, அதைச் சுமந்து வரும் களிம்பின் மீதுதான். எண்ணெய் வடியும் முகத்துக்குக் கெட்டியான க்ரீம் வேண்டாம். ஜெல்லாகவோ நீர்த்த லோஷனாகவோ வாங்குங்கள். ‘துளைகளை அடைக்காது’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பது நல்ல அறிகுறி, உத்தரவாதம் அல்ல.

இரவில் கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வியர்வைக்கே அசையாதபடி செய்த பொருள் வெறும் தண்ணீருக்கு எப்படிப் போகும்? முதலில் மைசெல்லர் நீரை (எண்ணெயையும் அழுக்கையும் பிடித்து எடுக்கும் முகத்துடைப்பு நீர்) பஞ்சில் நனைத்துத் துடையுங்கள், பிறகு மென்மையான ஃபேஸ்வாஷ். காதோரத்தையும் மூக்கின் மடிப்பையும் மறக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயால் துடைக்கும் வழக்கம் (எங்கள் வீட்டிலும் உண்டு) பரு வரும் முகத்துக்கு ஆகாது, அதுவே துளைகளை அடைக்கக்கூடியது. ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அதற்கு முன் வியர்வையை ஒற்றி எடுங்கள். அடைப்புக்குப் பயந்து அளவைக் குறைத்தால் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 50 என்ற எண்ணுக்கே பொருளில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு தேவை. அந்தப் பருக்கள் அரித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.