மெடிக்கல் கோடிங்கில் சேரலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளுக்கு (நோயாளிக் குறிப்புகளுக்கு) கோடு, அதாவது குறியீடு, போடத் தொடங்கி 11 வருடம் ஆகிறது. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் பி.எஸ்ஸி. விலங்கியல். கோடிங் என்றால் ப்ரோகிராமிங் தெரிய வேண்டுமா?

பெயர்தான் அப்படி. இது படிக்கிற வேலை. டாக்டர் எழுதியதைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடும், செய்த சிகிச்சைக்கு சிபிடி கோடும் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் பணம் தரும். டைப் 2 சர்க்கரை நோய், சிக்கல் ஏதுமில்லை என்றால் இ11.9. அதே ஆளுக்கு நாள்பட்ட சிறுநீரக நோயும் இருந்தால் இ11.22, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்ட என்18 வரிசையில் இன்னொன்று. உடற்கூறு தெரிந்த உங்களுக்கு இது கைவரும்.

சிபிசி (மெடிக்கல் கோடருக்கான சான்றிதழ்த் தேர்வு) எழுதிவிட்டு வேலை தேடுவதா, வேலை கிடைத்தபின் எழுதுவதா?

ஃப்ரெஷராக எடுத்துக்கொள்ளும் இடம் கிடைத்தால் முதலில் சேர்ந்துவிடுங்கள். தேர்வுக் கட்டணம் டாலரில். நகையை அடகு வைத்து எழுத வேண்டியதில்லை, சம்பளத்தில் எழுதலாம். போகிற இடமெல்லாம் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினால் மட்டும் முதலிலேயே எழுதுங்கள்.

100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. எந்தப் பக்கம் என்று தேடத் தொடங்கினால் அவ்வளவுதான். பாஸ் செய்தாலும் அனுபவம் இல்லாதவருக்கு சிபிசி-ஏ என்றுதான் வரும்; 'ஏ' என்றால் அப்ரென்டிஸ். இரண்டு வருட அனுபவம் காட்டினால் அந்த 'ஏ' போய்விடும். சீனியர் கொடுத்த பழைய புத்தகம் பழகுவதற்குப் போதும். ஆனால் ஐசிடி அக்டோபர் 1, சிபிடி ஜனவரி 1 என்று வருடாவருடம் கோடுகள் மாறும். தேர்வுக்குப் புதுசு வாங்கிவிடுங்கள்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

உடற்கூறு கட்டாயம். அப்புறம் இந்த மாதிரி ஒன்று: புறநோயாளி, நெஞ்சு வலி, "மாரடைப்பாக இருக்கலாம்" என்று டாக்டர் எழுதியிருக்கிறார். என்ன கோடு?

பயிற்சியில் நான் மாரடைப்புக்கான ஐ21.9 போட்டேன். ட்ரெய்னர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டாக்டரே உறுதியாச் சொல்லல, நீ எப்படிம்மா சொன்ன?" என்றார். புறநோயாளிக்குச் சந்தேகத்தைக் கோடு ஆக்கக் கூடாது. தெரிந்தது நெஞ்சு வலி மட்டும், எனவே ஆர்07.9. இல்லாத மாரடைப்பு அந்த மனிதரின் ரெக்கார்டில் ஏறிவிடும் இல்லையா? வேடிக்கை என்னவென்றால், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் டிஸ்சார்ஜ் குறிப்பில் "இருக்கலாம்" என்று இருந்தால், அதை உறுதியான நோய் போலவே கோடு செய்ய வேண்டும். இந்த வித்தியாசத்தைக் காரணத்தோடு சொன்னால் பாதிக் கிணறு தாண்டிவிடுவீர்கள்.

கன்சல்டன்சியில் 40,000 கட்டினால் வேலை உறுதி என்கிறார்கள்.

கட்டாதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுக்காதீர்கள்.

ஏஐ வந்து இந்த வேலையே போய்விடாதா?

எக்ஸ்ரே ரிப்போர்ட் மாதிரி ஒரே அச்சில் வருபவற்றுக்கு மென்பொருள் ஏற்கெனவே கோடு போடுகிறது. அதனால் அதிலேயே பத்து வருடம் உட்கார்ந்துவிடாதீர்கள். நீளமான ஆபரேஷன் குறிப்புகள், ஐபி-டிஆர்ஜி (மருத்துவமனையில் தங்கியவர்களின் சிகிச்சையை வகைப்படுத்தி, வகைக்கு இவ்வளவு என்று பணம் தரும் முறை), பணம் மறுக்கப்பட்ட க்ளெய்ம்களை ஆராயும் டினையல் பக்கம் என நகருங்கள். என் கணிப்பில் அங்கெல்லாம் ஆள் தேவை சீக்கிரம் போகாது.

நான் ஒரு அம்மா. மகளுக்கு நைட் ஷிப்ட் இருக்குமா?

வராத இன்சூரன்ஸ் பணத்துக்காக அமெரிக்காவுக்குப் போன் செய்து பேசும் ஏஆர் காலிங்குக்குத்தான் இரவு வேலை, அம்மா. கோடிங்கில் யாரோடும் பேச வேண்டியதில்லை, பெரும்பாலும் பகல்தான். ஆனால் நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று பல இடங்களில் போனை உள்ளே விட மாட்டார்கள். மத்தியானம் பத்துத் தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் பயந்துவிடாதீர்கள், போன் லாக்கரில் இருக்கும்.