துபாயா, தம்மாமா, மனாமாவா: கம்பெனி கணக்கும் உங்கள் கணக்கும்

தம்பி, துபாய், சவூதியின் தம்மாம், பஹ்ரைனின் மனாமா என்று மூன்று ஊரிலிருந்தும் வேலை வந்திருக்கிறது, கையில் வரும் சம்பளம் ரூபாயில் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறீர்கள். "வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள எங்களுக்கு ஏகப்பட்ட செலவு, இதற்கு மேல் தர முடியாது" என்று தம்மாம் கம்பெனி சொன்னது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்தச் செலவைக் காட்டி உங்கள் சம்பளத்தில் கை வைக்க விடாதீர்கள்.

துபாயில் சம்பளக் கணக்குப் போடும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். சென்னையிலிருந்து வருகிறவர்கள் முதலில் தேடுவது பி.எஃப். மாதாமாதம் இரண்டு தரப்பும் 12 சதவீதம் போடும் அந்த ஏற்பாடு இங்கே நமக்குக் கிடையாது. சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை. அதனால் கம்பெனியின் செலவு பேஸ்லிப்பில் தெரியாது. விசா, அரசுக் கட்டணம், இன்சூரன்ஸ், வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி என்று அங்கங்கே சிதறிக் கிடக்கும்.

சவூதியில்தான் தலைக்கு இவ்வளவு என்று அரசு வாங்குவது அதிகம். கம்பெனியில் சவூதிக்காரர்களை விட வெளிநாட்டவர் அதிகமாக இருந்தால், அதிகப்படியான ஒவ்வொருவருக்கும் மாதம் 800 ரியால். இல்லையென்றால் 700. 2018-ல் 400, 300 என்று தொடங்கி 2020-ல் இந்த அளவுக்கு வந்தது. ஆக ஒருவருக்கு வருடத்துக்கு 9,600 ரியால் வரை போகும். தொழிற்சாலைகளுக்கு இதில் விலக்கு உண்டு. அதனால் உங்கள் கம்பெனி தொழிற்சாலையா, வெறும் வியாபார நிறுவனமா என்று விசாரியுங்கள். தொழிற்சாலை என்றால் அவர்கள் சொல்லும் காரணத்தில் பாதி காணாமல் போய்விடும். இதற்கு மேல் வருட இகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி) 650 ரியால், வேலையிட விபத்துக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 2 சதவீதம், மருத்துவக் காப்பீடு. எல்லாம் கம்பெனியின் தலையில். இகாமா, வொர்க் பெர்மிட், அவற்றைப் புதுப்பிக்கும் செலவு எல்லாம் முதலாளியுடையது என்று சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவே சொல்கிறது. "இகாமா காசை மாதாமாதம் பிடித்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

உங்களைக் கடிக்கிற செலவு வேறு. மனைவியையும் பிள்ளையையும் அழைத்துப் போனால் ஆளுக்கு மாதம் 400 ரியால் கட்டணம். இரண்டு பேருக்கு வருடம் 9,600. பெரும்பாலான கம்பெனிகள் இதை ஏற்பதில்லை, நம் பையிலிருந்துதான் போகும். குடும்பத்தோடு போகிறவர் தம்மாம் சம்பளத்தைப் பார்க்கும்போது முதலில் இதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

துபாயில் இப்படி மாதக் கட்டணம் இல்லை. விசாச் செலவை உங்களிடம் வாங்கக் கூடாது என்று இங்கேயும் சட்டம் இருக்கிறது. உங்கள் மருத்துவக் காப்பீடு கம்பெனி பொறுப்பு; குடும்பத்துக்கு அவர்களாகத் தந்தால்தான் உண்டு. வேலையிழப்புக் காப்பீட்டுக்கு மாதம் 5 அல்லது 10 திர்ஹம் நீங்கள் கட்டுவீர்கள், அது பெரிய விஷயமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது பேசிக், அதாவது அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம். கிராஜுவிட்டி முழுக்க அதை வைத்துத்தான்: முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் 30 நாள். மொத்தச் சம்பளம் 5,000 திர்ஹம், அதில் பேசிக் 2,500 என்று வையுங்கள். ஐந்து வருடம் கழித்து 8,750 திர்ஹம் கிடைக்கும். அதே 5,000-ல் பேசிக் 4,000 என்று எழுதியிருந்தால் 14,000. மாதம் கையில் வருவது ஒன்றேதான்! ஆஃபர் லெட்டரில் அலவன்ஸை உப்ப வைத்து பேசிக்கைச் சுருக்குவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சவூதியில் கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அப்புறம் வருடம் ஒரு மாதச் சம்பளம். கணக்கு கடைசிச் சம்பளத்தை வைத்து, அலவன்ஸும் சேர்ந்து. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால் வெட்டு விழும்: இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும், பத்து வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு, பத்துக்கு மேல்தான் முழுசு. 5,000 ரியால்காரர் நான்கு வருடத்தில் தானாக விட்டால் 10,000-க்குப் பதில் 3,333. நம் பையன்களில் பலர் மூன்று நான்கு வருடத்தில் மாறுகிறவர்கள், அவர்களுக்கு இது பெரிய அடி. துபாயில் 2022 பிப்ரவரியில் வந்த புதுச் சட்டத்துக்குப் பிறகு ராஜினாமாவுக்கு இந்த வெட்டு இல்லை. ஒரு வருடம் முடித்திருந்தால் போதும்.

மனாமா விஷயத்தில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 2024 மார்ச் முதல் பஹ்ரைனில் கிராஜுவிட்டியைக் கம்பெனி தன் பெட்டியில் வைத்துக்கொள்ள முடியாது. முதல் மூன்று வருடம் சம்பளத்தில் 4.2 சதவீதம், அப்புறம் 8.4 சதவீதம் என்று மாதாமாதம் அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பில் கட்டியாக வேண்டும். வேலையை விட்டதும் நீங்கள் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். என் அறையில் முன்பு தங்கியிருந்த ஒருவர், கம்பெனி மூடியபோது எட்டு வருட சர்வீஸ் காசுக்காக லேபர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, பாதிக்கு ஒப்புக்கொண்டு ஊர் போனார். கம்பெனி நொடித்தாலும் நம் காசு தனியாக இருக்கும் என்பதன் அருமை அப்போது தெரிந்தது.

அதனால் தம்மாம் ஆட்களுக்கு இரண்டு கேள்வி எழுதி அனுப்புங்கள். குடும்பத்துக்கான 400 ரியால் கட்டணத்தை யார் கட்டுவது? மொத்தச் சம்பளத்தில் பேசிக் எவ்வளவு, மற்றது எந்தப் பெயரில்? பதிலை ஈமெயிலில் வாங்குங்கள், போனில் சொன்னது நிற்காது. கட்டணத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டு, ஐந்தாறு வருடம் அங்கேயே இருக்கும் எண்ணமும் உங்களுக்கு இருந்தால் தம்மாம் நல்லதுதான். இல்லை, குடும்பத்தோடு போய் மூன்று வருடத்தில் மாறுவேன் என்றால் நான் மனாமாவைத்தான் சொல்வேன். துபாய் ஆஃபரில் பேசிக் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கையெழுத்துக்கு முன் ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து போட்ட பிறகு யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.