மரத்தளத்தின் மேல் ஹாட் டப் வைக்கலாமா?

வணக்கம். கொல்லையில் ஏற்கெனவே இருக்கும் மரத்தளத்திலேயே ஐந்து பேர் உட்காரும் ஹாட் டப்பை (வெந்நீர்க் குளியல் தொட்டியை) வைத்துவிடலாம், சாதாரண பிளக்கே போதும் என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

முதலில் எடை. அந்த அளவுத் தொட்டியில் சுமார் 1,200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதுவே 1,200 கிலோ. தொட்டியும் ஆட்களும் சேர்ந்தால் இரண்டு டன்னை நெருங்கிவிடும். நடமாடுவதற்காகப் போட்ட தளம் இதைத் தாங்கும் என்று கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொன்னாலொழிய வைக்காதீர்கள். தரையில் கம்பி கட்டி, மட்டம் பார்த்து, 10 செ.மீ. கனத்துக்குக் கான்கிரீட் போடுவதுதான் என் கட்சி. மோட்டார் இருக்கும் பக்கம் ஆள் உட்கார்ந்து பழுதுபார்க்க இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, பிறகு தொட்டியையே நகர்த்துகிறவர்கள் உண்டு!

பிளக் மாடல்களில் ஹீட்டர் சிறியது. குளிர்ந்த தண்ணீர் சூடேற ஒரு நாள்கூட ஆகலாம். தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டை முழு வேகத்தில் ஓட்டினால் பலவற்றில் ஹீட்டர் நின்றுவிடும். குளிர்காலத்தில் பயன்படுத்துவதென்றால் பெரிய ஹீட்டருக்குத் தனி மின் லைன் இழுப்பதே நல்லது. எந்த மாடலானாலும் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

ஜெட் எத்தனை என்று எண்ணாதீர்கள். மூடியின் கனத்தையும், உள்ளே வெப்பம் வெளியேறாமல் காக்கும் நுரைப்பூச்சையும் பாருங்கள், மின்கட்டணம் அங்கேதான் இருக்கிறது. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

முன்பணம் கட்டுவதற்குமுன் வீட்டின் பக்கவாட்டுச் சந்தின் அகலத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். தொட்டி அதில் நுழையுமா என்று பார்க்கலாம்.