விபத்தில் போன பல்லுக்கு இம்ப்ளான்ட்: சிகிச்சை முடிந்த பிறகு வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் கடலூரில் வசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் புதுச்சேரி கிருமாம்பாக்கம் அருகே என் பைக் மீது வேன் மோதியதில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. இம்ப்ளான்ட் வைத்து முடித்து, பில்களோடு இழப்பீடு கேட்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

பதில்: காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு, 2022 ஏப்ரல் முதல் சொல்கிறது. இம்ப்ளான்டில் பல்வேருக்குப் பதிலாக வைக்கும் டைட்டானியம் திருகு தாடை எலும்போடு இறுகிச் சேரவே பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் ஆகும் என்பதால், அதன் மேல் செயற்கைப் பல் பொருத்தி முடிவதற்குள் உங்கள் கெடு போய்விடும். இனி ஆகவிருக்கும் செலவை 'எதிர்கால மருத்துவச் செலவு' என்ற தலைப்பில் இப்போதே கோரலாம். விபத்து புதுச்சேரியில் நடந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் கடலூரில் உள்ள தீர்ப்பாயத்திலேயே மனு செய்ய 166(2) இடமளிக்கிறது.

வழக்கின் பலம் மருத்துவ ஆவணங்களில்தான் இருக்கிறது. அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் 'உதட்டில் கிழிசல்' என்று மட்டும் எழுதி, பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் விடுவது அடிக்கடி நடப்பதால், அந்த நகலை வாங்கி முதலில் பாருங்கள். விடுபட்டிருந்தால், எந்தெந்தப் பல் என்று எண்ணோடு குறிப்பிட்ட பல் மருத்துவரின் சான்றையும் எக்ஸ்ரேயையும் காவல்துறை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பல் உடைவதும் பெயர்வதும் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம்) 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம் என்பதால், குற்ற வழக்கின் பிரிவுகளும் இதனால் மாறக்கூடும்.

இம்ப்ளான்ட் வெறும் அழகுக்காக, கழற்றி மாட்டும் பல் செட்டே போதும் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். எனக்கு இது வலுவான வாதமாகத் தோன்றவில்லை, ஆனால் மறுக்க மருத்துவர் தேவை. பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக்கிப் பொருத்தும் நிலையான செயற்கைப் பல்) கட்டினால் பக்கத்து நல்ல பற்களை ராவ வேண்டியிருக்கும், எனவே உங்களுக்கு இம்ப்ளான்ட்தான் பொருத்தம் என்று அவர் கருதினால், அந்தக் காரணத்தையும் சிகிச்சையின் ஒவ்வொரு கட்ட விவரத்துடன் செலவு மதிப்பீட்டையும் எழுதித் தரட்டும். மதிப்பீட்டுத் தாளை வெறுமனே தாக்கல் செய்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். மருத்துவரைச் சாட்சியாக விசாரிப்பதே பாதுகாப்பு. திருகின் மேல் பொருத்தும் செயற்கைப் பல்லைப் பிற்காலத்தில் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றால், அதையும் அதே மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இடையில் வேன் உரிமையாளர் ஒரு தொகை தந்து 'முழுத் தீர்வு' என்று கையெழுத்துக் கேட்டால், வழக்கறிஞரிடம் காட்டாமல் போட வேண்டாம்.